ஹவுள் தண்ணீரில் கண்ட நிறம்

அந்தப் பெண் ஆய்வுகூடத்துக்குள் வந்தபோது நான் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சேலை முந்தானையால் முக்காடு போட்டிருந்தாள். ஒரு கையில் ஈரக் குடை. மற்றக் கையில், பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு ஜாம் போத்தலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"மிஸ், இத ஒருக்கா பாருங்க."

தாளைப் பிரித்தேன். போத்தலில் தண்ணீர். சுவர்ப் பக்கம் பிடித்தால் வெறும் தண்ணீர். ஜன்னல் பக்கம் பிடித்தால் இளம் பச்சை.

"எங்க எடுத்தீங்க ராத்தா?"

"பள்ளிப் பைப்புல. சுபஹு தொழுக முடிஞ்சு, நல்லா வெளிச்சம் வந்த பொறகு."

"வேற யாரு பார்த்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல. நான் மட்டும்தான்."

கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பார்சலை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவளுடைய வீட்டுக் கழிவறைக் குழியிலிருந்து. அந்தக் குழிக்குள் சாயத்தை ஊற்றியவள் நான். ஊற்றச் சொல்லிப் பிடிவாதமாக நின்றவள் அவள்.

அவள் பெயரை நபீசா என்று வைத்துக்கொள்வோம்.

மருந்து மணக்குது

சென்ற வாரம் கண்டிக் குளத்து மீன்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் எஞ்சினியரா, டொக்டரா?" என்று சிலர் கேட்டார்கள். இரண்டும் இல்லை. நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே முடி நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். கண்ணால் பார்த்துவிட்டுத் தண்ணீர் சுத்தம் என்று சொல்கிற ஆட்களோடு சண்டை போட்டே கிழவியானவள்.

அந்தச் சண்டை வீட்டில்தான் தொடங்கியது. அப்பாவுக்குக் கண்டி டவுனில் பலசரக்குக் கடை. மேல்மாடியில் நாங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் வந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. "மருந்து மணக்குது, தேத்தண்ணி வாயில வைக்க முடியல" என்பாள். இராத்திரியே தண்ணீரைப் பிடித்து, வாய் அகன்ற பானையில் திறந்து வைத்து, மணமெல்லாம் பறந்த பிறகுதான் விடிந்ததும் கேத்தலை ஏற்றுவாள்.

"அம்மா, கிருமி சாகத்தானே அந்த மருந்தைப் போடுறாங்க?"

"உன் கந்தோரு தண்ணிய நீ குடி. எனக்கு வேணாம்."

தண்ணீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மகள் என்ற மரியாதை அந்த வீட்டில் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

புகை என்றால் மட்டும் எல்லோரும் பேசுவார்கள். கண்டி மலைகளுக்கு நடுவே கிடக்கிற ஊர். பனி மாதங்களில் காலை நேரத்துப் பஸ் புகையும் விறகுப் புகையும் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். கீழே குளிர்ந்த காற்று, அதன்மேல் சட்டிக்கு மூடி போட்டதுபோல் கொஞ்சம் சூடான காற்று. வெயில் ஏறி அந்த மூடி விலகும் வரை இருமல்தான். அப்பா கடைக் கதவைத் திறந்துகொண்டே ஊரில் உள்ள அத்தனை பஸ்காரனையும் ஏசுவார். ஏசி முடித்துவிட்டு, அழுகிய வெங்காயத்தைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து ஓடையில் கொட்டுவார்.

புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஓடையில் போனது தெரியவில்லை. இத்தனை வருட வேலையில் நான் கண்டது இவ்வளவுதான். காற்றானாலும் தண்ணீரானாலும் குப்பையானாலும், மனிதருக்குத் தன் வாசலைத் தாண்டிப் போனது இல்லாமல் போய்விட்டது. அது எங்கேயும் போவதில்லை ஐயா, அடுத்தவன் வாசலில் நிற்கிறது!

சரி, நபீசாவிடம் வருகிறேன்.

ஹாஜியாரின் மூன்று கேள்விகள்

அலவத்துகொடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் நடக்க வேண்டிய ஊர். பெயர் வேண்டாம். வீட்டுக்கு வீடு ரேடியோ வந்திருந்த, டெலிவிஷன் இன்னும் எட்டிப் பார்க்காத காலம்.

ஊருக்கு நடுவில் பள்ளிவாசல். பின்பக்கத்து மேட்டிலிருந்து ஓர் ஊற்று வருகிறது. அந்தத் தண்ணீர் முதலில் பள்ளியின் ஹவுளில் விழும். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி வாய் கொப்பளிக்கிற பெரிய தொட்டிதான் ஹவுள். அது நிரம்பி மிஞ்சுவது, மதிலுக்கு வெளியே ஒரு பைப்புக்கு வரும். பெண்கள் குடம் வைப்பதும், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் வாய் வைத்துக் குடிப்பதும் அந்தப் பைப்பில்தான்.

அந்த வருடம் ஊரில் பிள்ளைகளுக்குச் செங்கமாரி வந்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கி வீட்டுக்கு வீடு கண் மஞ்சளானது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் தலைவராக இருந்த ஹாஜியாரின் பேரனைக் கண்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நபீசா கணவனை இழந்தவள். இடியப்பம் அவித்து விற்றுத்தான் சீவியம். ஹாஜியாரின் பேரன் காலையில் அவள் இடியப்பம் இல்லாமல் வாய் திறக்க மாட்டான். போதாதா? நோய் அவள் கையிலிருந்துதான் வந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்து, காரணம் தெரியும் வரை அடுப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் வீட்டில் வருமானம் நின்றது.

தண்ணீர் மாதிரி எடுக்க என்னை அனுப்பினார்கள். சோதித்தோம். ஹவுளிலும் பைப்பிலும் மலக் கிருமி இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை. முடிவைக் கொண்டுபோய்ப் பள்ளி நிர்வாகத்திடம் சொன்னேன்.

ஹாஜியார் வெள்ளைத் தாடியோடு அமைதியாக இருக்கும் மனிதர். என்னை எழுப்பி ஹவுள் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிக் காட்டினார்.

"மகள், நெறம் மாறீக்கா?"

"இல்ல."

"மணம் ஈக்கா?"

"இல்ல."

"ருசி?"

"நான் குடிக்க மாட்டேன் ஹாஜியார்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "நாங்க குடிக்கிறோம். ருசி மாறல்ல. பொறகு எப்பிடி இத ஊத்தைத் தண்ணி எண்டு செல்றீங்க?"

அவர் அடம் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய தொட்டியில் நிற்கும் நிறையத் தண்ணீர், நிறம், மணம், ருசி மூன்றில் ஒன்று மாறினால் ஒழிய அசுத்தம் ஆகாது என்பது அவர்கள் மார்க்கச் சட்டம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நுண்ணோக்கி இல்லாத காலத்து மனிதருக்கு அதைவிடத் தெளிவான சட்டத்தை யார் எழுதிக் கொடுத்திருக்க முடியும்? ஆனால் என் கிருமிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நான் என்ன செய்ய? கையிலிருந்த அறிக்கையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கோபம்.

சிவப்புப் பொடி

எங்கள் எஞ்சினியர் சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. என் புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவை நிறம்தானே கேக்கினம் பிள்ளை? நிறத்தையே காட்டுவம்."

அலுமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். உள்ளே செங்கல் நிறத்துப் பொடி. நுனி விரலில் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். வாளி முழுக்க, கண்ணைக் கூசுகிற பச்சை! நிலத்தடி நீர் எந்த வழியாகப் போகிறது என்று அறியப் பயன்படுத்துகிற சாயம். அந்த அளவில் ஆளுக்குக் கேடு செய்யாது. சந்தேகமான குழியில் கரைத்து ஊற்றிவிட்டு, ஊற்றில் பச்சை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வந்தால் அந்தக் குழிக்கும் ஊற்றுக்கும் நிலத்துக்குள் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

ஊற்றுக்கு மேலே, பள்ளிப் பக்கச் சரிவில் இரண்டு கழிவறைக் குழிகள் இருந்தன. ஒன்று, பிள்ளைகள் குர்ஆன் படிக்கும் ஓதப் பள்ளிக்கூடத்துடையது. மற்றது ஹாஜியாருடைய வீட்டுக் குழி. ஹாஜியார் மறுக்கவில்லை. "என்டதா ஈந்தா நாளைக்கே மூடுறன்" என்றார்.

ஒன்றில் ஊற்றினோம், நாட்கணக்கில் காத்திருந்தோம். தண்ணீர் தெளிந்தே ஓடியது. மற்றதில் ஊற்றினோம். அதற்கும் ஒன்றுமில்லை.

ஊருக்கு இப்போது சந்தேகமே இல்லை. குழிகள் சுத்தம், தண்ணீர் சுத்தம், மிச்சம் நபீசாவின் கைதான்.

அவள் வீடு மேட்டின் மறுபக்கம். மழை பெய்தால் அவள் முற்றத்துத் தண்ணீர் பள்ளிக்கு எதிர்ப்புறமாக, வயலைப் பார்த்து ஓடும். அதனால் அவள் குழியை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாங்கள் டின்னை மூடி, வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"என்டதுலயும் ஊத்துங்க."

"தேவையில்லையே அம்மா. உங்கட பக்கத்துத் தண்ணி அங்கால எல்லோ ஓடுது" என்றார் சிவஞானம்.

"அது ஒங்களுக்குத் தெரியும் சேர். ஊருக்கு? நாளைக்கி ஒருத்தன் கேப்பான், எல்லாற்றயும் பாத்தீங்களே, அவள்ட குழிய ஏன் பாக்கல்ல எண்டு. ஊத்துங்க. ஊத்திப் பாத்துட்டு, இவள்ட குழியிலயும் பெழ இல்ல, கையிலயும் பெழ இல்ல எண்டு செல்லுங்க. நான் அடுப்ப மூட்டணும்."

சிவஞானம் என்னைப் பார்த்தார். "ஊத்துவம், என்ன பிள்ளை? அந்த மனிசிக்கு ஒரு நிம்மதி" என்றார். டின்னில் மிச்சமிருந்ததைக் கரைத்து, நான் கொண்டுபோய் ஊற்றினேன்.

நிலத்தின் மேல் தண்ணீர் ஓடும் பக்கம் வேறு, அடியில் பாறை வெடிப்புகள் சரிந்திருக்கும் பக்கம் வேறு. எங்கள் மலைநாட்டில் இது புதினமில்லை. அன்று அந்த மேட்டைப் பார்த்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

எனாமல் பேசின்

ஆய்வுகூடத்துக் கதிரையில் உட்கார்ந்து நபீசா சொன்னது இது.

விடிந்து அரிசி கழுவுவதற்காகப் பைப்பில் தண்ணீர் பிடித்திருக்கிறாள். வெள்ளை எனாமல் பேசின். ஏதோ நிழல் போல இருந்ததாம். பேசினைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் அதே நிறம். பக்கத்தில் இரண்டு பெண்கள் அலுமினியக் குடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அலுமினியத்தில் அது தெரியாது. உள்ளே ஹவுளின் அடித்தளம் பாசி பிடித்துக் கறுப்பு. அங்கும் தெரியாது. தொழுதுவிட்டு வந்த ஆண்கள் ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"கொஞ்ச நேரம் அந்த மதில்லயே சாஞ்சு நிண்டேன் மிஸ்" என்றாள்.

நான் போத்தலை மேசையில் வைத்தேன். சாயம் அவ்வளவு மெல்லியது. நாளைக்கோ மறுநாளோ ஓடித் தீர்ந்துவிடும். மாதிரி எடுக்க நான் போகவேண்டிய நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. இவள் பேசாமல் பேசினைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தால், அவள் கேட்டது அப்படியே நடந்திருக்கும். குழியிலும் பிழை இல்லை, கையிலும் பிழை இல்லை என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ராத்தா, நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் எரிச்சல்.

"செல்லாம? அந்தத் தண்ணியில மாவக் கொழச்சு, அந்தப் புள்ளைகளுக்கே விக்கவா?"

போத்தலை எடுத்துக்கொண்டு சிவஞானத்தின் அறைக்கு ஓடினேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அந்த மனிசி இருக்கிறாவோ, போயிட்டாவோ?" என்று கேட்டார்.

"இருக்கிறாங்க சேர்."

"தேத்தண்ணி குடுங்கோ. இப்பவே போவம்."

எந்தக் குழி?

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த நேரம் போய்ச் சேர்ந்தோம். ஹாஜியார் வீட்டிலிருந்து வெள்ளைப் பீங்கான் கோப்பையொன்றை வாங்கி, ஹவுளில் அள்ளி, முற்றத்து வெயிலில் வைத்தோம். ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பச்சை.

சத்தம் கிளம்பிவிட்டது. "இத்தின நாளும் இதுலயா கை கால் கழுவி வுழூ எடுத்தோம்? தொழுததெல்லாம் என்ன ஆகுற?" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொருவர், "இது சாயம்தானே? சாயம் நஜீஸ் இல்லியே" என்று சட்டம் பேசினார்.

பள்ளியின் மௌலவி இளம் ஆள். கோப்பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்.

"தெரியாமத் தொழுதது தொழுகதான். அத நெனச்சுப் பயப்பட வேணாம். சாயம் அசுத்தம் இல்ல, அதுவும் சரி. ஆனா அந்தச் சாயம் வந்த பாதையால வேற என்ன வந்தீக்கும்? அத யோசிங்க. இண்டைக்கே இந்த ஹவுளத் தொறந்து விடுங்க."

என் அறிக்கையால் மூட முடியாத தொட்டியை ஒரு கோப்பைச் சாயத் தண்ணீர் மூடியது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

ஹாஜியார்தான் கேட்டார். "எந்தக் குழி சேர்?"

சிவஞானம் தொண்டையைச் செருமினார். பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தார் போலிருக்கிறது. அதற்குள் வெளிக் கேற்றடியில் நின்ற பெண்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்ட குழி."

ஒருவரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். கேற்றடியில் நின்ற பெண்கள் மெதுவாக விலகிப் போனார்கள்.

மறுநாளே வேலை தொடங்கியது. ஹாஜியார் நல்ல மனிதர். ஆட்களை அனுப்பி நபீசாவின் குழியை மூடினார். ஊற்றிலிருந்து வெகு தூரத்தில், தன் தோட்டத்தில் சிவஞானம் அடையாளம் வைத்த இடத்தில் அவளுக்குப் புதுக் குழி வெட்டிக் கொடுத்தார். அதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை. ஹவுளைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, பிறகு பல வாரங்கள் சோதித்தோம். கிருமி குறைந்து, கடைசியில் இல்லாமல் போனது. பேரன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். புதிதாக ஒரு பிள்ளைக்கும் கண் மஞ்சளாகவில்லை.

சுகாதாரப் பரிசோதகரும் வந்து, நோய் தண்ணீரால் வந்தது, இடியப்பத்தால் அல்ல, தாராளமாக விற்கலாம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நபீசா அடுப்பு மூட்டினாள். இடியப்பம் அவித்து, சம்பல் அரைத்து, வாசலில் வைத்தாள். ஒருவரும் வாங்க வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பெண்கள் சிரித்துப் பேசினார்கள், பெருநாளைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். அவள் கையால் அவித்ததை மட்டும் வாங்கவில்லை. ஹாஜியார் வீட்டிலும் வாங்கவில்லை.

வத்தேகம சந்தையில்

நெடுநாளைக்குப் பிறகு ஒரு வேலையாக வத்தேகமவுக்குப் போயிருந்தேன். சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. எட்டிப் பார்த்தால் நபீசா. தங்கச்சி வீட்டோடு வந்து இருக்கிறாளாம். அந்த ஊர் வீட்டைப் பூட்டிவிட்டாளாம். ஒரு மேசை, மேலே பொலித்தீன் விரிப்பு, இடியப்பம் அவிக்கிற நெட்டுத் தட்டுகள். தோட்டத்து ஆட்கள், கடைப் பொடியன்மார், கந்தோருக்குப் போகிறவர்கள் என்று வரிசை.

"மிஸ்! வாங்க வாங்க. சொகமா ஈக்கிறீங்களா?"

நல்ல வியாபாரம். பார்க்கச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அந்த ஊர்மேல் ஆத்திரம்தான் வந்தது. அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் பொரிந்து தள்ளிவிட்டேன்.

"உங்களால ராத்தா அந்த ஊர்ப் பிள்ளைங்க இன்னைக்குக் கல்லு மாதிரி இருக்குதுங்க. அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா அத்தனை பேரும் படுத்திருப்பாங்க. அதுக்கு உங்கள ஊரை விட்டே ஓட்டிட்டாங்களே, என்ன சனமோ! கொஞ்சமாவது மனசு வேணாமா?"

அவள் என் பார்சலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். முகம் மாறவில்லை.

"ஏசாதீங்க மிஸ். அவங்கட எடத்துல நான் ஈந்தா, நானும் வாங்கியிருக்க மாட்டேன்."

பார்சலை என் கையில் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "ஒங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள்.